டர்போ வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக் போட்டீர்கள்? அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி) பூஸ்ட், அதாவது டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம், ஏற்றிய பெட்ரோல் வண்டி என்னுடையது. மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் மட்டும் பூஸ்ட் ஏறுகிற நேரம் பார்த்து வெட்டி வெட்டி இழுக்கும். காலைத் தளர்த்தினால் சரியாகிவிடும். ஸ்கேனரில் மிஸ்ஃபயர் கோடு, அதாவது சிலிண்டரில் சரியாகத் தீப்பற்றவில்லை என்கிற பிழைக்குறி. கேட்டவர்கள் எல்லோரும் பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கிற காயிலை மாற்றச் சொன்னார்கள். காயில் செட் வாங்குகிற செலவுக்கு முன்னால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்போமே என்று கழற்றினேன்.

பார்வைக்குப் புதுசு. பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பு, கரி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பொறி பாய்கிற இடைவெளியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற தகடு) விட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது: 1.1 மி.மீ. தகடு தாராளமாகப் போய்வருகிறது. பிளக்கின் மேல் என்ஜிகே பிகேஆர்6இ-11 என்று அச்சடித்திருக்கிறார்கள். கடைசியில் வருகிற அந்த 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. முன்பு சர்வீஸ் செய்த இடத்தில் மரையும் நீளமும் பொருந்துகிறதே என்று மாட்டிவிட்டார்கள் போல.

சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பொறி அந்த இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பூஸ்ட் இல்லாதபோது காயில் சமாளித்துவிடுகிறது. முழு பூஸ்டில் முடியவில்லை. அதே 6ஆம் சூட்டு எண்ணில் (பிகேஆர்6இ-யில் வருகிற 6) இடைவெளியை 0.7 ஆக்கிப் போட்டதும் வெட்டல் நின்றுவிட்டது. பழைய காயில்தான் இன்னும் ஓடுகிறது. இப்போது கேள்வி, 7க்குப் போகலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

*

பட்டறைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் எந்த கம்பெனி எண் என்று பாருங்கள், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர் பிளக். டென்சோவிலும் அப்படித்தான், ஆனால் கணக்கு வேறு: என்ஜிகே 6க்கு டென்சோ 20, 7க்கு 22, 8க்கு 24. பாஷில் அப்படியே தலைகீழ், எண் குறைந்தால்தான் குளிர். ஒருத்தர் ‘ஒரு படி கூலாகப் போகிறேன்’ என்று பாஷில் ஒரு எண் கூட்டி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். கழற்றினால் பீங்கான் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அதன் மேல் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகள், நடுவே பளபளவென்று பொடிப் பொடியாக அலுமினியம். அது பிஸ்டனிலிருந்து வருவது சார். நாக்கிங்கில் (கலவை தாறுமாறாக வெடித்து எரிவது) பிஸ்டன் மேல்பாகம் அரிபட ஆரம்பித்துவிட்டது. உடனே சரியான எண்ணைப் போட்டுவிட்டு, ட்யூன் செய்தவரிடமே திருப்பி அனுப்பினேன்.

குளிர் பிளக் என்றால் எஞ்சினைக் குளிர வைக்கும் என்று நினைக்காதீர்கள். முனையில் ஏறுகிற சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்கு (பிளக் மாட்டியிருக்கிற மேல்பாகம்) வேகமாகக் கடத்தும், அவ்வளவுதான். முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே முனையே தீ வைக்கும். ஒரு படி மாறினால் முனைச் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும். கூடுதலாக 75 முதல் 100 குதிரைத்திறனுக்கு ஒரு படி என்பது தோராயக் கணக்கு. உங்களுடையது வெறும் ரீமேப், பக்கத்துக் கடைக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற வண்டி என்றால் 6லேயே இருங்கள். 7 போட்டால் குறுகிய ஓட்டத்தில் கரி கட்டும், காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும். அடிக்கடி முழு பூஸ்டில் நீண்ட நேரம் ஓட்டுபவர் என்றால் 7 நியாயம்.

*

இரிடியம் போட்டால் பவர் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: எனக்குக் கூடவில்லை. ஆயுள் கூடியது. நடு எலக்ட்ரோடு மெல்லிசு என்பதால் பொறிக்கு வோல்டேஜும் குறைவாகப் போதும், டர்போவுக்கு அது நல்லதுதான். இடைவெளி சரிசெய்யும்போது கருவியை அந்த மெல்லிய முனையில் முட்டுக்கொடுத்து நெம்பினால் முறியும். வெளிக்கொக்கியை மட்டும் வளைக்கவும். ‘காப்பர் பிளக்’ என்று விற்பதில் செம்பு உள்ளே மட்டும்தான், முனை நிக்கல். இரிடியத்துக்கும் உள்ளே செம்புதான்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். 14 மி.மீ. மரை, அலுமினிய ஹெட் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. என்றால் 15 முதல் 20 போதும். மரையில் கிரீஸ் தடவுகிற பழக்கம் வேண்டாம். அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) பிளக் அதிகமாக இறுகிவிடும்.

*

என்னுடையது பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ. குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரில் மிதிப்பது என் வழக்கம். ஒரு பிளக்கின் பீங்கான் விண்டிருந்தது. பிளக் மட்டமானது என்று சண்டைக்குப் போகலாம் என்றிருந்தேன். மெக்கானிக் வேறு விதமாகச் சொன்னார்: இந்த மாதிரி எஞ்சினில் குறைந்த வேகத்தில் நேரத்துக்கு முன்பே தீப்பிடிக்கும் கோளாறு உண்டு, அந்த அடியில் பீங்கான் உடையும். 2018ல் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) எஸ்என் பிளஸ் தர எஞ்சின் ஆயில் இதைக் கருதித்தான். ஆயிலையும் மாற்றினேன், கியரையும் இறக்கி ஓட்டுகிறேன். பிளக் அதே எண், அதே கம்பெனி.

*

பீங்கானின் வெளிப்பக்கம், இரும்பு தொடங்குகிற இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் கேஸ் லீக் என்று பதறி மாற்றிவிடாதீர்கள். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை அது. துடைத்தால் லேசில் போகாது, ஆனால் பிளக் வேலை செய்யும். மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால்தான் பொறி வெளிவழியாக ஓடுகிறது. அப்போது காயில் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள்.