எஃப்1ஆ, எஃப்1பியா? கேவூடில் குட்டி எடுப்பதில் தலை சுற்றுகிறது

டார்னீட் மீனா

வணக்கம். மெல்பர்னில் டார்னீட் பக்கம் இருக்கிறோம். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. இரண்டு வருஷமாக நாய், நாய் என்று உயிரை வாங்குகிறார்கள். போன மாதம்தான் தலையாட்டினேன்.

சிக்கல் பையனோடு. அக்டோபர் வந்தால் புல் மகரந்தத்துக்குத் தும்முகிறவன். நண்பர் வீட்டு லாப்ரடாரைக் கட்டிப் புரண்டுவிட்டு வந்த அன்று கண் சிவந்து, கையெல்லாம் தடித்துப்போனது. ஆஸ்துமா இல்லை. அதனால்தான் முடி அதிகம் கொட்டாது என்கிற பூடில் கலப்பாகப் பார்க்கலாம் என்று கேவூடிலில் (கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலும் பூடிலும் கலந்தது) வந்து நிற்கிறோம். மார்ச்சில் மாமியார் திருச்சியிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிறார். தெருநாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவர், ஆகவே சின்ன நாயாக இருந்தால்தான் வீட்டில் சமாதானம்.

மூன்று இடம் விசாரித்தோம். ஒருவர் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பாம்), 2,800 டாலர். இன்னொருவர் எஃப்1பி, 3,900. முடியே கொட்டாது, அலர்ஜியே வராது என்று போனிலேயே சத்தியம் செய்கிறார். மூன்றாமவர் மல்டிஜென் என்கிறார், 4,500. அது என்ன என்று கேட்டால் மறுபடியும் விலையைத்தான் சொல்கிறார். கணவர் எக்செல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எந்தத் தலைமுறை எடுத்தால் பையனுக்கு ஒத்துப்போகும்? வளர்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

முறுக்கு அப்பா

மீனா, அந்தச் சத்தியத்தை முதலில் ஓரமாக வையுங்கள். அலர்ஜியே வராத நாய் என்று எந்தத் தலைமுறையிலும் கிடையாது. உங்கள் பையனுக்கு ஒத்துக்கொள்ளாதது முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிற புரதம். 2012இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். பூடில், லாப்ரடூடில் (லாப்ரடாரும் பூடிலும் கலந்தது) மாதிரி அலர்ஜிக்கு நல்லது என்று பெயர் வாங்கிய நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. வீட்டுக் காற்றில் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது எண் கணக்கு. கேவலியரும் பூடிலும் சேர்ந்தால் எஃப்1, பாதிக்குப் பாதி. அந்த எஃப்1ஐ மறுபடி ஒரு பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி, முக்கால் பூடில். இதில் ஒரு பொறி இருக்கிறது. 'பி' என்றால் தாய் தகப்பன் இனங்களில் ஏதோ ஒன்றோடு திரும்பச் சேர்த்தது என்று மட்டும்தான் அர்த்தம். பெரும்பாலும் பூடிலோடுதான் சேர்ப்பார்கள், ஆனால் கேவலியரோடு சேர்த்துவிட்டு அதற்கும் எஃப்1பி என்று பெயர் வைக்கலாம். எந்தப் பக்கம் சேர்த்தீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு எஃப்1 சேர்ந்தால் எஃப்2. மல்டிஜென் என்பது கலப்பைக் கலப்போடு பல தலைமுறை சேர்த்தது. அந்தப் பெயருக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் தாத்தா பாட்டி வரைக்கும் விவரம் எழுதிய காகிதம் இல்லாமல் அந்த 4,500ஐ நான் தொடமாட்டேன்.

எஃப்2வைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பட்டவன் நான். எங்கள் முதல் நாய் லட்டு, எஃப்2 குரூடில், கோல்டன் ரெட்ரீவரும் ஸ்டாண்டர்ட் பூடிலும் கலந்தது. எட்டு வாரத்தில் பார்க்கப் போனபோது குட்டிகள் எல்லாமே பஞ்சு உருண்டை. இவனுக்கு மட்டும் மூக்கைச் சுற்றி வழுவழுவென்று இருந்தது. முகம் எவ்வளவு லட்சணம் என்று மனைவி அவனையே தூக்கினாள். லட்சணம் என்று நாங்கள் நினைத்ததுதான் அவன் ஜாதகமே. பூடிலுக்குத் தாடி, மீசை, புருவம் வருவதற்கென்று ஒரு ஜீன் உண்டு. கோல்டனுக்கும் கேவலியருக்கும் அது இல்லை. எஃப்1 குட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வந்துவிடும், ஒன்று இருந்தாலே தாடி முளைக்கும். இரண்டு எஃப்1 சேரும்போது நாலில் ஒரு குட்டிக்கு அது வராமலே போகலாம். அப்படி மொட்டை முகமாகப் பிறக்கிறது சாதாரண நாய் மாதிரியே முடி கொட்டும். லட்டு அந்த நாலில் ஒன்று. எட்டு மாதத்தில் அசல் கோல்டன் மாதிரி ஆகிவிட்டான். கறுப்பு பேன்ட் போடுவதையே நான் விட்டுவிட்டேன். தயிர்சாதத்தில் பொன்னிற முடி வந்தால் யாரும் சத்தம் போடுவதில்லை, எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். 31 கிலோ. அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று பாசம் தாங்காமல் இரண்டு முன்னங்காலையும் தூக்கித் தோளில் போட்டான். நல்லவேளை, பின்னால் சோபா இருந்தது. சின்ன நாய் என்று நீங்கள் முடிவு செய்ததில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இரண்டாவது இந்த முறுக்கு, எஃப்1பி கேவூடில், ஆறரைக் கிலோ. பெயரே சொல்லும். சுருட்டைக்கு வேறு ஒரு ஜீன். எஃப்1க்கு ஒரு பிரதி, அதனால் பெரும்பாலும் அலை அலையான முடி. எஃப்1பியில் ஏறக்குறைய பாதிக் குட்டிக்கு இரண்டு பிரதி வந்து நெருக்கமான சுருட்டையாகும். முறுக்கு வீட்டில் முடி கொட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் மனைவியின் தம்பி வந்தால் லட்டு பக்கத்தில் சும்மா உட்காருவார், முறுக்கு கையை நக்கினால் அரிப்பு. கொட்டாத நாய்க்குத்தான் அவருக்கு மாத்திரை!

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. லாப்ரடூடில் என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் இங்கே விக்டோரியாவில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன். ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், அவர் கணவருக்கோ நாய் அலர்ஜி. பூடில்களாகச் சோதித்துப் பார்த்து ஒன்றும் சரிவராமல், 1989இல் ஒரு லாப்ரடாரையும் ஸ்டாண்டர்ட் பூடிலையும் சேர்த்தார். மூன்று குட்டி. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி அந்தக் கணவரிடம் பார்த்ததில் ஒத்துப்போனது ஒன்றே ஒன்று, சுல்தான். ஒரே அப்பா, ஒரே அம்மா, மூன்றுமே எஃப்1! பின்னாளில் கண்டவர்களும் கண்டபடி கலக்க ஆரம்பித்ததைப் பார்த்து, ஏன்தான் இதைத் தொடங்கினோமோ என்று அவரே வருத்தப்பட்டார்.

நீங்களும் அவர் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பையனை டாக்டரிடம் காட்டி, தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். அவர் சரி என்றால், தாய் நாய் இருக்கிற வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்றரை மணி நேரம் தரையில் உட்கார வையுங்கள். நக்கட்டும். ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை. தாயும் குட்டியும் படுத்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சில நாள் பையன் அறையில் போட்டு வையுங்கள். துண்டு தர முகம் சுளிக்கிறவரிடம் குட்டி வாங்காதீர்கள்.

அப்புறம் உடம்பு. கேவலியரின் பெரிய வியாதி இதயத்தில், மைட்ரல் வால்வு. வயதானால் அந்த இனத்தில் அனேகமாக எல்லாவற்றுக்கும் வரும், சிலதுக்குச் சின்ன வயதிலேயே. தாயின் இதயத்தைக் கார்டியாலஜிஸ்ட் பார்த்த சீட்டு இருக்கிறதா? டாய் பூடில் பக்கம் முழங்கால் சில்லு நழுவுவது, கண்ணில் பிஆர்ஏ (விழித்திரை தேய்ந்து பார்வை போவது). கலப்பு என்றால் நோய் வராது என்பார்கள். லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2024இல் கேவூடில் (அங்கே கேவபூ என்பார்கள்), காக்கபூ (காக்கர் ஸ்பானியலும் பூடிலும் கலந்தது), லாப்ரடூடில் மூன்றையும் தாய் தகப்பன் இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை.

எஃப்1, எஃப்1பி (பூடில் பக்கம்) இரண்டிலும் தாடி உறுதி. முடி கொட்டுவது எஃப்1பியில் இன்னும் கொஞ்சம் குறையலாம். அதற்கு மட்டும் 1,100 டாலர் அதிகம் தரமாட்டேன். இதய சீட்டுக்குத் தருவேன்.

கத்தரி வாணி

பதினோரு வருஷமாக நாய்க்கு முடி வெட்டுகிறேன், வாரத்தில் பாதி நாள் கேவூடில், குரூடில் மாதிரி பூடில் கலப்புகள்தான். ஒன்றே ஒன்று கேட்கிறேன் மீனா. கொட்டாத முடி எங்கே போகும்? உள்ளேயே தங்கும். தங்கிச் சிக்காகும்.

குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வருகிற காலம் ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள். அப்போதுதான் எல்லோரும் அழுதுகொண்டே வருவார்கள். போன வாரம் ஒரு எஃப்1பி. மேலே தடவினால் பஞ்சு மிட்டாய். தினமும் பிரஷ் பண்ணுகிறோம் என்றார் அந்த அம்மா, பொய்யில்லை, பண்ணியிருக்கிறார், மேலாக்கில். விரலை உள்ளே விட்டால் தோலை ஒட்டிக் கம்பளி நெய்தது போல ஒரே தகடு. சீப்பு இறங்கவில்லை. மிஷினை அடியில் விட்டு எடுத்தேன், முதுகிலிருந்து வயிறு வரை ஒரே துண்டாகக் கழன்று வந்தது, சட்டை கழற்றுகிற மாதிரி. அடியில் தோல் சிவந்து கிடந்தது. குளித்த ஈரத்தோடு சிக்கெடுக்காமல் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிவிடும்.

உங்கள் பெண்ணுக்கு எப்படித் தலை வாருவீர்கள்? வகிடு எடுத்து, வரிசை வரிசையாக, அடியிலிருந்து நுனி வரைக்கும். அதேதான் இதற்கும். கம்பி பிரஷ் போட்டபின் இரும்புச் சீப்பு தோல் வரை தடைபடாமல் இறங்க வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குளில், பட்டை மாட்டுகிற இடத்தில் முதலில் பாருங்கள். சுருட்டை அதிகமாக ஆக வேலையும் அதிகம், அலை முடியும் சுருட்டையும் கலந்து வந்தால் இன்னும் மோசம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வர வேண்டும். நான் கேவூடிலுக்கு 110 டாலர் வாங்குகிறேன். உங்கள் கணவரின் எக்செலில் அந்தக் கட்டம் இருக்கிறதா?

டான்டினோங் ராசன்

முக்கால் பூடில் வேணுமெண்டு காசு குடுக்கிறியள். அப்ப முழுப் பூடிலையே எடுக்கலாம்தானே?

எங்கட வீட்டில டொய் பூடில், ஏழு வயசு. அம்மா அப்பா ரெண்டு பேரின்ர கண், கால் ரிப்போட்டும் காட்டித்தான் தந்தவை. என்ன நிறம், எவ்வளவு உயரம், எப்பிடி முடி எண்டு முன்னமே தெரியும். எஃப் எண்டொரு கணக்கும் இல்லை. சனம் பூடில் எண்டால் அந்தக் குண்டு குண்டு வெட்டைத்தான் நினைக்குது. அது போட்டிக்கு வெட்டுறது. சாதாரணமா வெட்டி விட்டால் ரோட்டில போற எல்லாரும் இது கேவூடிலோ எண்டுதான் கேக்கினம். நான் இப்ப ஓம் எண்டு சொல்லிப்போட்டு நடக்கிறனான்.

டார்னீட் மீனா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ராசன் அண்ணா, நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு டாய் பூடில் வீட்டுக்குப் போன் செய்தேன், ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். வீட்டில் என்னை விடமாட்டார்கள்.

டாக்டர் டெஸ்ட் எடுத்தார். புல்லுக்குப் பெரிய தடிப்பு, நாய்க்குச் சின்னதாக ஒன்று. படுக்கையறைக்குள் விடாமல் வளர்க்கலாம், முதலில் பழகிப் பாருங்கள் என்றார். எஃப்1பிக்காரரிடம் துண்டு கேட்டேன். அதெல்லாம் பழக்கமில்லை என்றார். வீட்டுக்கு வந்து தாயைப் பார்க்கலாமா என்றேன். எதற்கு அலைச்சல், ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்கில் குட்டியைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றார். விளம்பரத்தில் இருக்க வேண்டிய குட்டியின் மைக்ரோசிப் எண், விற்பவரின் பதிவைக் காட்டும் சோர்ஸ் எண் இரண்டும் இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். சத்தியம் மட்டும் இருந்தது.

எஃப்1 குட்டி விற்கிற அம்மா பாக்கஸ் மார்ஷ் ஊரைத் தாண்டி இருக்கிறார். கேட்காமலே இதய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தாய் கேவலியர் வந்து பையன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. நான் நாய்களைப் பார்க்கவே இல்லை, அவன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு தடவை தேய்த்தான். முந்தின ஈற்றில் பிறந்த நாலு வயது எஃப்1 ஒன்றும் அங்கேயே இருக்கிறது. அது முகத்தை நக்கிய இடத்தில் லேசாகச் சிவந்து, கழுவியதும் அடங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. துண்டு ஐந்து ராத்திரி அறையில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. குட்டிகள் ஐந்து, ஐந்துக்கும் மீசை தெரிகிறது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

மாமியாரிடம் வீடியோவில் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதற்குத் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா என்று கேட்டார்.

கத்தரி வாணி

வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். சீப்பைக் கொடுங்கள் அவர் கையில். வகிடு எடுக்கத் தெரிந்தவர், ஆறு மாதம் இருக்கப் போகிறவர், விடாதீர்கள்.