அஸ்வெசும கோப்பையும் ஊ.சே.நி. கோப்பையும் பொருத்துவது: பாதி வரிகள் ஏன் விழுகின்றன?

பம்பலப்பிட்டி_ஆய்வு:
இலங்கை அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும எடுக்கும் குடும்பத்துப் பெரியவர்கள் ஊழியர் சேமலாப நிதி (ஊ.சே.நி.) கட்டும் வேலைக்குப் போகிறார்களா என்று பார்க்கிறோம். இரண்டு கோப்பிலும் அடையாள அட்டை இலக்கம் உண்டு. ஆனாலும் பாதிதான் பொருந்துகிறது. மிச்சத்தைப் பெயரால் பொருத்தலாமா?

தரவு_மாமா:
பெயருக்குப் போகமுதல் இலக்கத்தைத் திருத்துங்கள். 2016இலிருந்து புதிய அட்டை 12 இலக்கம். பழையது 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். ஒரே ஆள் ஒரு இடத்தில் பழையதையும் இன்னொரு இடத்தில் புதியதையும் கொடுத்திருப்பார். பழையதில் எழுத்தைக் கழற்றி, முன்னால் 19 போட்டு, கடைசி நாலு இலக்கத்துக்கு முன் ஒரு 0 செருகினால் புதிய வடிவம் வந்துவிடும்.

அடுத்தது எக்செல். 12 இலக்கத்தை எண்ணாக எடுத்து அடுக்குக்குறியில் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின் இலக்கங்கள் போச்சு, திரும்பக் கிடையாது. மூலக்கோப்பைத் திரும்பக் கேட்டு, அந்த நிரலை எழுத்தாகத் திறவுங்கள்.

இலக்கத்திலிருந்து பிறந்த திகதி எடுத்துச் சரிபார்க்கலாம்: வருடத்துக்குப் பின் வரும் மூன்று இலக்கம் நாள், பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. மார்ச் 1 எந்த வருடத்திலும் 61தான். இதைக் கவனிக்காமல் கணினி நிரல் எழுதினால் லீப் அல்லாத வருடத்தில் மார்ச் 1 தொடக்கம் பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் பிசகும்.

கொட்டாஞ்சேனை_நிரல்:
மாமா சொன்னதோடு இன்னொன்று. ஊ.சே.நி.யில் தொழில் கொள்வோர் மாறினால் உறுப்பினர் இலக்கமும் மாறும். ஒருவருக்கு மூன்று, நாலு இலக்கம் சாதாரணம். ஒரு அடையாள அட்டை இலக்கத்துக்கு மாதம் ஒரு வரி என்று சுருக்கிக்கொண்டு பிறகு பொருத்துங்கள். இல்லாவிட்டால் வரிகள் பெருகி, வேலை மாறினவர்தான் கூடுதலாக எண்ணப்படுவார்.

பெயரைக் கடைசியில் தொடுங்கள். தமிழில் 'சி. கவிதா' என்றிருப்பவர் ஆங்கிலக் கோப்பில் 'எஸ். கவிதா', வேறொன்றில் 'கவிதா சிவகுமார்'. ராமையா, இராமையா சிக்கலும் உண்டு. பிறந்த திகதி, பிரதேச செயலகப் பிரிவு இரண்டும் ஒத்த சோடிகளை மட்டும் எடுத்து, இருவரும் ஒரே ஆளாக இருக்கும் சாத்தியத்துக்கு பெல்லெகி–சன்டர் என்ற புள்ளிவிபர முறையில் புள்ளி போடுங்கள். அதற்கான ஸ்பிளிங்க் மென்பொருள் இலவசம், பைத்தனில் ஓடும். கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நடுத்தரப் புள்ளி எடுத்த சோடிகளைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். இரட்டையர்கள் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

பம்பலப்பிட்டி_ஆய்வு:
நன்றி. இலக்கத்தை ஹாஷ் பண்ணித்தான் (திருப்பி எடுக்க முடியாத வேறொரு குறியீடாக மாற்றித்தான்) தருவோம் என்கிறது ஒரு தரப்பு. அதை ஏற்கலாமா அண்ணா?

தரவு_மாமா:
வெறும் ஹாஷ் என்றால் பாதுகாப்பு இல்லை. பழைய இலக்கத்தில் 100 வருடம், 732 நாள் எண் (ஆணுக்கு 366, பெண்ணுக்கு 366), 10,000 பின்னிலக்கம்: மொத்தமே 73 கோடி. ஒரு மடிக்கணினி எல்லாவற்றையும் ஹாஷ் பண்ணி ஒப்பிட்டுவிடும். இரகசியத் திறவுகோல் சேர்த்துப் பண்ணும் ஹாஷான எச்மேக் கேளுங்கள். இரு தரப்புக்கும் ஒரே திறவுகோல், உங்கள் கையில் அது இருக்கக்கூடாது. ஹாஷுக்கு முன்னமே இலக்கத்தை 12ஆக்கவும் சொல்லுங்கள், ஒரு இடைவெளி கூடினாலும் வேறு ஹாஷ்தான் வரும். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உடன்படிக்கை எழுதமுதல் வாசியுங்கள்.

மலையகம்_புள்ளி:
பொருந்தாதவரை 'வேலையில்லாதவர்' என்று எழுதிவிடாதீர்கள். முதலாளி ஊ.சே.நி. கட்டாத நாட்கூலி, சுயதொழில், ஓய்வூதியமுள்ள அரச வேலை எதுவும் அந்தக் கோப்பில் வராது. தோட்ட உத்தியோகத்தருக்குத் தனி நிதியமும் உண்டு. முதலாளி பிந்திக் கட்டினால் மாதங்கள் வெற்றாகத் தெரியும். பொருந்தும் வீதத்தை மாவட்டம், பால், வயது வாரியாகப் போடுங்கள். நுவரெலியாவில் பெண்களுக்கு மட்டும் விழுந்தால் அது தொழிற்சந்தையா, பெயர் எழுத்தா என்று முதலில் தீருங்கள்.