மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்ற தேர்தல்

எங்கள் தொகுதியின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஆயிரம் பேர் எலெக்‌ஷன்ல நின்னது உங்க ஊர்தானே?" ஆமாம். 1996 சட்டமன்றத் தேர்தல், மொடக்குறிச்சி, 1,033 வேட்பாளர்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதே இல்லை. எங்கள் பெரியப்பா அந்த 1,033 பேரில் ஒருவர்.

ஈரோட்டுக்குத் தெற்கே காலிங்கராயன் வாய்க்காலையும் கீழ்பவானி வாய்க்காலையும் நம்பி மஞ்சளும் கரும்பும் போடுகிற பூமி இது. கொங்கு விவசாயிகளுக்குப் போராட்டம் புதிதல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-லேயே பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். இந்த வரலாறு தெரியாதவர்களுக்குத்தான் 1996 வெறும் வேடிக்கையாகத் தெரியும். கோரிக்கைகள் அப்படியே கிடந்ததால், விவசாயிகள் கும்பல் கும்பலாகப் போய் வேட்புமனு போட்டார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான்.

பெரியப்பாவிடம், "ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க?" என்று கேட்டேன். "ஆபீசு ஆபீசா நின்னோம் கண்ணு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இப்ப நம்ம பேரை அவங்களே உக்காந்து எழுதோணுமல்லோ" என்றார். பிரசாரம் என்று அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. மனு போட்ட மறுநாளே மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

இத்தனை பேரை வைத்துக்கொண்டு மற்ற தொகுதிகளோடு சேர்த்துத் தேர்தல் நடத்த முடியவில்லை, தள்ளிப்போனது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. எனக்கு அது முதல் ஓட்டு. மறைப்புக்குள் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அத்தனையும் பெயர்கள், எல்லாம் எங்கள் பக்கத்துப் பெயர்கள். நான் தேடிய சின்னம் லேசில் கண்ணில் படவில்லை. முத்திரையைக் குத்திவிட்டு, மை அடுத்த பக்கத்தில் ஒட்டிவிடுமோ என்று ஊதிக்கொண்டே நின்றேன். எனக்கு முன்னால் போன வயதான அம்மா ஒருவர் வெளியே வரவே வெகுநேரமானது.

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 1977-ல் இதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்தவர் அவர். (அவரே 2021-ல் இங்கே பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் 281 ஓட்டில் தோற்றார். கட்சியைவிட ஆளைப் பார்க்கிற பழக்கமும் கடைசி ஓட்டுவரை இழுபறியும் இந்த மண்ணில் இருக்கிறது என்பது என் கணிப்பு.)

1996 முடிவில் 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. "தன் ஓட்டையே தனக்குப் போடத் தெரியாதவங்க" என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். பெரியப்பாவும் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. "நின்னது கோரிக்கைக்கு. ஓட்டு ஆட்சிக்கு. அதை வீணாக்கலாமா?" என்றார். இதைவிடத் தெளிவாக யோசித்த வாக்காளரை நான் பார்த்ததில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது அதற்கப்புறம் நடந்ததில்தான். அந்த ஆண்டே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கான டெபாசிட் 250-லிருந்து 5,000 ரூபாய் ஆனது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125-லிருந்து 2,500. அங்கீகாரம் பெற்ற கட்சியில் இல்லாதவர் நிற்க வேண்டுமானால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். இப்போது டெபாசிட் 10,000. நிர்வாகச் சிரமம் எனக்கும் புரிகிறது, நாடு முழுக்க ஓட்டுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டிருக்க முடியாது, சரி. ஆனால் ஏன் இத்தனை பேர் நின்றார்கள் என்ற கேள்விக்கும் அதே வேகத்தில் பதில் வந்திருக்க வேண்டாமா?

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலானோர் விவசாயிகள், மஞ்சள் வாரியமும் கட்டுப்படியாகும் விலையும் கேட்டு நின்றவர்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக வைத்து ஓட்டுப்பதிவு நடத்தினார்கள். அப்போதைய முதல்வரின் மகளே அங்கே தோற்றார். டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். டெபாசிட் எவ்வளவு என்றார். மக்களவைக்கு ஆளுக்கு 25,000 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அங்கே மஞ்சள் குவிண்டால் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார்.