தண்ணீர் ஊற்றும் செலவு யாருடையது? – பழைய மாளிகைத் தோட்டங்களில் தொண்டு செய்வோரின் அனுபவங்கள்

ரெட்வுட் சிட்டி உறுப்பினர்:

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, வுட்சைடு என்னும் ஊரை ஒட்டிய மலையடிவாரத்தில் ஃபிலோலி என்ற பழைய மாளிகையும் அதைச் சுற்றி 16 ஏக்கர் தோட்டமும் இருக்கின்றன. அங்கே சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் தொண்டராகச் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். இத்தனை நாளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் மனத்தை விட்டு அகலாத ஒன்றைக் கேட்டவர், காரைக்குடிப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் ஆச்சி.

அது மார்ச் மாதம். டாஃபடில் பூக்கள் மஞ்சளாக விரிந்திருந்தன. அறை அறையாக ஒன்றும் பேசாமல் பார்த்து வந்த ஆச்சி, வெள்ளிப் பாத்திரங்களைப் பூட்டி வைப்பதற்காக ஆள் உள்ளே நுழையும் அளவுக்குக் கட்டப்பட்டிருந்த பெட்டக அறையைக் கண்டதும் நின்றுவிட்டார். "எங்க வளவுலயும் பெட்டகம் இருக்கு தம்பி, சாவிதான் யாருகிட்ட இருக்குன்னு தெரியல" என்றார். பிறகு தோட்டத்துக்கு வந்து, தூண் நட்டாற்போல் வரிசையாக நிமிர்ந்து நிற்கும் ஐரிஷ் யூ மரங்களைக் காட்டி, அவை 200க்கு மேல் இருப்பதாக நான் சொன்னபோது, "இத்தனை மரத்துக்கும் தண்ணி ஊத்துற செலவு யாரு பாக்குறா?" என்று கேட்டார்.

மாளிகையைக் கட்டியவர் யார், எத்தனை அறைகள் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். ஆச்சி செலவைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. "எங்க வீட்டுல நாப்பது புள்ளி. பொங்கலுக்கும் படைப்புக்குந்தான் தெறக்கிறது. ஒரு ஓடு மாத்தணும்னாலும் அத்தனை பேருக்கும் சொல்லணும்; ஒருத்தரு சிங்கப்பூர்ல, ஒருத்தரு இங்கன. பக்கத்து வீட்டைப் பிரிச்சுத் தூணெல்லாம் வித்துட்டாங்க" என்றார். புள்ளி என்றால் வீட்டில் பங்குள்ள குடும்பம்; படைப்பு என்பது முன்னோருக்குப் படைத்து வழிபடுவது. செட்டிநாட்டில் அப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரலில் இருந்த வலி புரியும்.

நான் தெரிந்ததைச் சொன்னேன். மாளிகையை 1915 முதல் 1917 வரை கட்டியவர் வில்லியம் பௌர்ன். கிராஸ் வேலியில் இருந்த எம்பயர் தங்கச் சுரங்கம் அவருடையது. சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் வழங்கிய ஸ்பிரிங் வேலி நிறுவனத்துக்கும் அவரே தலைவர். நியாயத்துக்காகப் போராடு, உடனிருப்பவரை நேசி, நல்வாழ்வு வாழ் என்ற மூன்று வாக்கியங்களின் ஆங்கில முதற்சொற்களிலிருந்து ஈரெழுத்து ஈரெழுத்தாக எடுத்து ஃபிலோலி என்று பெயர் வைத்தார். 1936இல் அவரும் மனைவியும் காலமானார்கள். அடுத்த ஆண்டு மாட்சன் கப்பல் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த லர்லைன் ராத்தும் அவர் கணவரும் இதை வாங்கினார்கள். 1975இல் லர்லைன் அம்மையார் வீட்டையும் தோட்டத்தையும் உள்ளடக்கிய 125 ஏக்கரை, வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். அன்றாட நிர்வாகத்தை ஃபிலோலி மையம் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது.

"எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோச்சா?" என்றார் ஆச்சி.

முடியவில்லை. தொண்டராகச் சேரும்வரை எனக்கும் இது விளங்கியிருக்கவில்லை. கொடையாளர் மாளிகையோடு ஒரு வைப்புநிதியும் கொடுத்தாலும், முதல் கரையாமல் இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 4 அல்லது 5 சதவீதம் மட்டுமே எடுக்கலாம் என்பது இத்துறையில் பொது வழக்கம். 10 லட்சம் டாலர் வைப்புநிதியில் 4 சதவீதம் என்பது 40,000 டாலர். இந்த வட்டாரத்தில் ஒரு முழுநேரத் தோட்டக்காரரின் சம்பளத்துக்கே அது போதாது. மீதி முழுவதும் நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா கட்டும் உறுப்பினர்கள், கடை, சிற்றுண்டிச்சாலை, கிறிஸ்துமஸ் காலத்து விளக்கலங்காரம் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும். தொடர்ந்து மூன்று வார இறுதிகளில் மழை பெய்தால் வருமானம் நின்றுவிடும். மரத்துக்குக் கத்தரிப்பு நிற்காது. வைப்புநிதி இல்லாமல் ஒரு மாளிகையை எந்த ஊரும் தானமாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அப்படி ஏற்றுக்கொள்ளும் அமைப்பு, ஓர் அழகான கடனைத்தான் தலையில் வாங்கிக்கொள்கிறது.

இருக்கிற பணத்தையும் நினைத்தபடி செலவிட முடியாது. ரோஜாத் தோட்டத்துக்கென்று ஒருவர் எழுதிக் கொடுத்த நன்கொடையை, கூரை ஒழுகுகிறது என்பதற்காக எடுக்கச் சட்டம் இடம் தராது. அருங்காட்சியகத் தொகுப்பில் சேர்ந்துவிட்ட பொருளை விற்றால், அந்தப் பணத்தில் மின்கட்டணம் கட்டக் கூடாது என்பது அமெரிக்க அருங்காட்சியகங்களின் நெறி. வேறு பொருள் வாங்கவோ, இருக்கும் பொருள்களை நேரடியாகப் பராமரிக்கவோ மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். இதைச் சொன்னபோது ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூணை வித்து வரி கட்டக் கூடாதுங்கிறீக. சரியான சட்டம் தம்பி" என்றார். நான் நீட்டி முழக்கிச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பணத்துக்கு அடுத்தது கைகள். பயிற்சியின் முதல் வாரத்தில், ஒரு பழைய நாற்காலியை நகர்த்துவதற்காக இயல்பாகக் கைப்பிடிகளைப் பற்றித் தூக்கப் போனேன். பயிற்சி தந்த மூதாட்டி என்னைத் தடுத்து, நாற்காலியின் கைகள் இணைந்திருக்கும் மூட்டுகளை விரலால் தொட்டுக் காட்டினார். நூறாண்டுப் பசை காய்ந்து, மயிரிழை அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. குனிந்து, இருக்கையின் அடிச்சட்டத்தை இரு கைகளாலும் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வெள்ளிப் பொருளை வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு சில நாளில் விரல்ரேகையைக் கருப்பாகக் காட்டிவிடும் என்பதால் அதற்குக் கையுறை. திரைச்சீலையும் கம்பளமும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், வெளுத்த நிறம் திரும்ப வராது என்பதால், வெயில் ஏற ஏறச் சன்னல் மறைப்புகளை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு சிறிய வேலைகளை நாள் தவறாமல் செய்யச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் எந்த வைப்புநிதியும் தாங்காது. நூற்றுக்கணக்கான தொண்டர்கள் இருப்பதால்தான் கதவு திறந்திருக்கிறது.

இங்கே பணிபுரியும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. பல மென்பொருள் நிறுவனங்கள், ஊழியர் தொண்டு செய்யும் மணிநேரத்துக்கு ஈடாக அந்த அமைப்புக்குப் பணம் தருகின்றன. நேரத்தை நாமாகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பணம் போகாது. நான் முதல் இரண்டு ஆண்டுகள் பதிவு செய்யாமலே விட்டுவிட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

சன்னிவேல் உறுப்பினர்:

மேலே சொன்னவற்றோடு வேறொரு விதமான ஏற்பாட்டையும் சேர்க்க விரும்புகிறேன். சரடோகாவில் உள்ள ஹகோனே தோட்டத்துக்கு என் மகளை அழைத்துச் செல்லத் தொடங்கி, பிறகு நானே களை பிடுங்கும் நாள்களில் போகத் தொடங்கினேன். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பானியத் தோட்டத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த ஸ்டைன் தம்பதியர், தங்கள் கோடைக்கால வாசத்துக்காக உருவாக்கிய மலைச்சரிவுத் தோட்டம் இது, 18 ஏக்கர். 1966இல் சரடோகா நகரமே இதை விலைக்கு வாங்கியது. 1984இல் தோன்றிய ஹகோனே அறக்கட்டளை, தோட்டத்தைப் பேணும் பொறுப்பைச் சுமந்து வருகிறது. நிலம் நகரத்துக்கு, உழைப்பும் நிதி திரட்டலும் அறக்கட்டளைக்கு என்ற இந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனெனில் நிலத்தை யாரும் கூறு போட்டு விற்றுவிட முடியாது என்ற நிம்மதி அதில் உண்டு.

ஒரு நாள் காலையில் பாசி படர்ந்த இடத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். புல்லின் வேரைப் பிடித்து இழுத்தால் பாசியும் பெயர்ந்து வந்துவிடும். இடக்கை விரல்களால் பாசியை அழுத்திக்கொண்டு, வலக்கையால் ஒவ்வொரு புல்லாக மெல்ல உருவ வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பாய் அளவு இடம்கூட முடியவில்லை. அருகில் வேலை செய்த முதியவர், தாம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து இதே சரிவில் களை எடுப்பதாகவும், மேல் ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது கீழ் ஓரத்தில் மறுபடி புல் முளைத்திருக்கும் என்றும் முக மலர்ச்சியோடு சொன்னார். ஆச்சி கேட்ட கேள்விக்கு அவரைத்தான் நான் காட்டுவேன்.

அயர்லாந்து, கார்க் உறுப்பினர்:

ஃபிலோலியைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த பௌர்ன் குடும்பத்தின் இன்னொரு மாளிகை எங்களுக்குப் பக்கத்தில், கில்லார்னியில் இருக்கிறது. மக்ராஸ் இல்லம் என்று பெயர். ஹெர்பர்ட் குடும்பத்துக்காக 1843இல் கட்டி முடிக்கப்பட்டது. 1861இல் விக்டோரியா அரசி வந்து தங்கினார். பின்னாளில் பௌர்ன் இதை வாங்கித் தம் மகள் மாடுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். 1929இல் மகள் இறந்துபோக, 1932இல் பெற்றோரும் மருமகனும் அவர் நினைவாக வீட்டையும் ஏறத்தாழ 11,000 ஏக்கர் நிலத்தையும் ஐரிஷ் நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது.

ஆனால் பூங்கா திறந்திருந்ததே தவிர, வீடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 1964இல் கில்லார்னி ஊரார் முன்வந்துதான் அது நாட்டார் வாழ்வியல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதன்பின் பல்லாண்டுகள் மக்ராஸ் அறங்காவலர்கள் தேசியப் பூங்காவோடு சேர்ந்து அதை நடத்தினார்கள்; நெசவும் மட்பாண்டமும் அங்கேயே செய்து விற்கப்பட்டன. நாடே உரிமையாளரானாலும் ஊர் கை கொடுக்காமல் கதவு திறக்கவில்லை என்பதை நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

சென்ற கோடையில் அங்குள்ள பழங்காலப் பண்ணை வீட்டில், கரி அடுப்பருகே நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், வெண்ணெய் கடையும் மரத் தொட்டி ஒன்றைத் தடவிக்கொண்டே, இதே போன்ற ஒன்றைத் தம் தாயாரும் இப்படி ஒரு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார் என்றார். அடியில் ஓட்டை விழுந்தபோது தகரத்தை வெட்டி ஆணியடித்து அடைத்தது அவருடைய அப்பாவாம். அந்தத் தகரத்தை யாரும் அகற்றவில்லை, அதுதான் தமக்குப் பெருமை என்றார்.

இன்னொன்று. ஐரிஷ் யூ மரம் விதையிலிருந்து இந்த வடிவில் வராது. விதை போட்டால் பரந்து வளரும் சாதாரண யூ மரமாகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஃபெர்மனா மாவட்டத்து மலையில் கண்டெடுத்து, ஃபுளோரன்ஸ் கோர்ட் என்ற மாளிகைத் தோட்டத்தில் வளர்த்த ஒரு தாய்மரத்திலிருந்து பதியன் குச்சி வெட்டி வெட்டித்தான் உலகெங்கும் போயிருக்கிறது. ஃபிலோலியின் மரங்கள் மக்ராஸிலிருந்து போன குச்சிகள் என்று இங்கே சொல்லக் கேட்டிருக்கிறேன். அங்கேயும் அப்படித்தான் சொல்கிறார்களா?

ரெட்வுட் சிட்டி உறுப்பினர்:

ஆம், ஐயா, அப்படித்தான் சொல்கிறோம். எங்கள் நடன மண்டபச் சுவர்களில் கில்லார்னி ஏரிகளும் மக்ராஸ் இல்லமும் எர்னஸ்ட் பீக்ஸோட்டோவின் கையால் வரையப்பட்டிருக்கின்றன. இதுவரை அந்தச் சுவரைக் காட்டி, தந்தை மகளுக்கு வாங்கிக் கொடுத்த வீடு என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நீங்கள் எழுதிய பிறகு, 1964இல் ஊரார் வந்து கதவைத் திறந்ததையும், தகரம் அடித்த வெண்ணெய்த் தொட்டியையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். வரும் சனிக்கிழமை என் முறை அந்த மண்டபத்தில்தான். ஆச்சி ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த படைப்புக்கு நாற்பது புள்ளியும் கூடும்போது படித்துக் காட்ட வேண்டும், எல்லாவற்றையும் தமிழில் எழுதி அனுப்புங்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.