கால் மரத்துப்போனவன் பூக்குழி இறங்கலாமா?

ரங்கூன் மாமா:

யாங்கோனில் இருக்கிறேன், வயது 63. மல்டிபிள் மைலோமா என்கிற மஜ்ஜைப் புற்றுநோய் எனக்கு வந்தது 2018-இல். முதலில் வெறும் முதுகுவலிதான். வாயுப் பிடிப்பு என்று ஆறு மாதம் தைலம் தேய்த்தோம். கடைசியில் படம் எடுத்தால், முதுகெலும்பில் ஒரு கணு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. மஜ்ஜையில் இருக்கிற பிளாஸ்மா செல் கெட்டுப்போய் எலும்பை அரிக்கிறது என்றார்கள். சென்னைக்குப் போய் போர்டிசோமிப் ஊசி, அப்புறம் 2019-இல் என் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து எனக்கே திருப்பி ஏற்றினார்கள். அதிலிருந்து நோயை அடக்கி வைக்க லெனலிடோமைட் 10 மில்லிகிராம் மாத்திரை: 21 நாள் சாப்பிட வேண்டும், 7 நாள் ஓய்வு. நோய் போகவில்லை, அடங்கி உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் எம் புரதம், அதாவது அந்தக் கெட்ட செல் சுரக்கிற புரதம், எவ்வளவு என்று ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

விஷயம் அதுவல்ல. வார்டில் வெள்ளையணு அடியோடு இறங்கிக் கிடந்த ஒரு ராத்திரியில், பகோ பக்கம் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்: எழுந்து நடந்தால் பூக்குழி இறங்குகிறேன் தாயே என்று. எழுந்து நடந்துவிட்டேன். கொரோனா, அப்புறம் நாட்டு நிலைமை என்று வேண்டுதல் தள்ளித் தள்ளிப் போனது. வருகிற பங்குனியில் முடித்துவிட நினைக்கிறேன்.

சிக்கல் கால்தான். அந்த ஊசி விட்டுப்போன மரப்பு இன்னும் இருக்கிறது. பாதத்தில் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டது போல. போன மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது ஒரு காலில் செருப்பே இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. அதைவிட மோசம், கரண்ட் போன ஒரு நாள் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்கிற வாடை. கறி அடிப்பிடித்துவிட்டது என்று மூடியைத் திறந்து பார்க்கிறேன், கறி நன்றாகத்தான் இருக்கிறது. மனைவிதான் ஓடி வந்து என் காலைத் தட்டிவிட்டாள். சுண்டுவிரல் பக்கம் ஒரு கங்கு. ஆற இரண்டு மாதம் ஆனது.

மச்சான் சொல்கிறான், சூடே தெரியாத காலுக்குத் தீ எம்மாத்திரம் என்று. மனைவி இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மௌல்மீன் தம்பி:

அண்ணே, நான் 11 வருஷமாக இறங்குகிறேன். ஒரு கொப்புளம் வந்ததில்லை. பத்து நாள் விரதம் சுத்தமாக இருந்தால் போதும். சூடு தெரியாதது அம்மன் கொடுத்த வரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டோன் அக்கா:

அண்ணே, தம்பி சொல்வதைக் கேட்காதீர்கள். என் வீட்டுக்காரருக்கும் இதே நோய், நான்கு வருஷமாகிறது. தம்பிக்குக் கொப்புளம் வராததற்கு பக்தி ஒரு காரணம் என்றால், அவன் காலுக்குச் சூடு தெரிவது இன்னொரு காரணம். தெரிகிற கால்தான் தானாகவே விறுவிறுவென்று எட்டு வைக்கும். விரலிடுக்கில் கங்கு மாட்டினால் உதறும். உங்கள் கால் உதறாது, அதைத்தான் அடுப்படியிலேயே பார்த்துவிட்டீர்களே! மாத்திரை சாப்பிடுகிற உடம்பில் புண் வந்து சீழ் பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழியில் தடுமாறி விழுந்தால் அந்த முதுகெலும்பு?

விரதமும் யோசிக்க வேண்டியதுதான். சோறு குறைத்தால் பரவாயில்லை, தண்ணீரைக் குறைக்கவே கூடாது. இந்த நோயில் கெட்ட புரதம் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. வலி மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாது: எங்களவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையைத் தானாகவே கடையில் வாங்கி ஐந்து நாள் போட்டார். சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கிரியாட்டினின் அளவு 1.3-இலிருந்து 3.1 ஆனது. அது இறங்குவதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

கமிட்டி பெரியவர்:

நாற்பது வருஷமாகக் குழி வெட்டுகிற கூட்டத்தில் இருக்கிறேன். வேண்டிக்கொண்டவர் முடியாமல் போனால் மகனோ தம்பியோ இறங்குவது எங்கள் பக்கம் உண்டு. வெள்ளியில் கால் உரு செய்து சாத்துவதும் உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன். குழி முடிகிற இடத்தில் பால்குழி இருக்கிறதல்லவா, அங்கே நின்று, வெளியே வருகிறவர்கள் காலில் பால் ஊற்ற ஆள் வேண்டும். எல்லாரும் இறங்கத்தான் ஆசைப்படுகிறார்களே தவிர, அங்கே நிற்க ஆள் கிடைப்பதில்லை. பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதைச் செய்யுங்கள், ஐயா.

ரங்கூன் மாமா:

பெரியவரே, உங்கள் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘எத்தனை லிட்டர் பால்?’ என்றாள். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு, ஆகவே குடத்தை அவள் பிடிக்க, நான் செம்பில் மொண்டு ஊற்றுவதாகப் பேச்சு. மூடிய செருப்பு போடாமல் வரக்கூடாது என்கிறாள். கோயிலுக்குள் எப்படிப் போடுவது? துணி சுற்றிக்கொள்ளலாமா என்று பூசாரியிடம் கேட்க வேண்டும். கூட்டத்தில் முகக்கவசம் போடச் சொன்னாள், அதற்குத் தலையாட்டிவிட்டேன்.

தம்பி, உன் கோயிலை ஒரு வருஷம் விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வாயேன். உன் காலுக்கு நான் பால் ஊற்றுகிறேன்.

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன், திருவிழா மாத்திரை ஓய்வு வாரத்தில் வரவில்லை. 16-ஆம் நாள் வருகிறது. ராத்திரி மாத்திரையைக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.