தூதர்களை எந்த வரிசையில் உட்கார வைப்பது?

கேள்வி: அரசு விருந்தில் பல நாட்டுத் தூதர்களுக்கு இருக்கை எப்படி ஒதுக்குவது? நாட்டின் பெயர் அகரவரிசையா?

பதில்: இல்லைங்க. தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 16ஆம் பிரிவுப்படி, தூதர் பொறுப்பேற்ற நாளும் நேரமும்தான் கணக்கு. நாடு பெரிதா சிறிதா என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுதான் இந்த விதியின் அழகு. பொறுப்பேற்ற நாளாக, நற்சான்றுப் பத்திரத்தை (இவர்தான் எங்கள் தூதர் என்று அவருடைய நாடு தரும் கடிதம்) அரசுத் தலைவரிடம் கொடுத்த நாளையோ, அதன் நகலை வெளியுறவு அமைச்சகத்தில் ஒப்படைத்த நாளையோ எடுக்கலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே முறை. இதைக் கலந்தால்தான் சச்சரவு வரும்.

பதில்: தூதர் ஊரில் இல்லாமல் தற்காலிகப் பொறுப்பாளர் வந்தால், தூதரின் இருக்கையைக் கொடுத்துவிடாதீங்க. அவர் எல்லாத் தூதர்களுக்கும் பின்னால்தான்.

பதில்: கொடியையும் பாருங்க. போலந்துக் கொடி தலைகீழானால் இந்தோனேசியக் கொடி போலாகிவிடும். கொடியின் மாதிரிக்குத் தூதரகத்தின் எழுத்து ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். தேசிய கீத ஒலிப்பதிவுக்கும் அப்படியே.