‘சிலதரப்பு’: இருதரப்புக்கும் பலதரப்புக்கும் நடுவே ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வேலைக்காகச் சில நாடுகள் மட்டும் சேர்ந்துகொள்வதைக் குறிக்கும் ‘மினிலேட்டரல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டுச் சென்ற வாரம் நான் எழுதிய மடலுக்கு இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்த பரிந்துரைகள் ஒவ்வொன்றையும், நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரையின் வாக்கியங்களில் பொருத்திப் படித்துப் பார்த்தேன். சொல்லைத் தனியே வைத்துப் பார்க்கும்போது அழகாக இருப்பது வாக்கியத்துக்குள் போனதும் நொண்டுகிறது. தனியே பார்க்க எளிமையாகத் தெரிந்த ‘சிலதரப்பு’ எல்லா இடத்திலும் உட்கார்ந்தது. அதை ஏன் தேர்ந்தேன் என்று சொல்லி, உங்கள் மறுப்புகளையும் கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

கட்டுரை, மாறிவரும் உலக ஒழுங்கில் வளரும் நாடுகள் தமக்குள் ஒத்துழைக்கும் முறை பற்றியது. 1955இல் பாண்டுங் மாநாட்டில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. வளரும் நாடுகளுக்கிடையிலான தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கான செயல்திட்டத்தை 1978இல் புவெனஸ் அயர்ஸில் 138 நாடுகள் ஏற்றன. எல்லாரும் ஒரே மண்டபத்தில் கூடி, எல்லாருக்கும் பொதுவான ஒரு தாளில் கையெழுத்திடுவதே அக்காலத்தின் இலட்சியமாக இருந்தது. இன்று அந்த மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளே வேலை நடப்பது அரிதாகிவிட்டது. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு உறுப்பினர் நியமனம் இல்லாமல் 2019 டிசம்பரிலிருந்து செயலிழந்திருக்கிறது. 1985இல் டாக்காவில் தொடங்கிய, இன்று எட்டு நாடுகள் கொண்ட தெற்காசியக் கூட்டமைப்பான சார்க், 2014 நவம்பரில் காத்மாண்டுவில் தன் 18ஆவது உச்சிமாநாட்டை நடத்தியது. 2016இல் இஸ்லாமாபாதில் நடக்கவேண்டிய அடுத்த மாநாடு நடக்கவேயில்லை.

நமக்குச் சொல் தேவைப்படுவது இதற்கு அடுத்த வாக்கியத்தில்தான். அதே காத்மாண்டு மாநாட்டில் சார்க் நாடுகளுக்கிடையே வாகனங்கள் எல்லை கடந்து செல்வதற்கான உடன்பாடு ஒன்று மேசைக்கு வந்து, பாகிஸ்தான் இசையாததால் கையெழுத்தாகாமல் போனது. ஏழே மாதத்தில், 2015 ஜூனில், வங்காளதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகள் திம்புவில் கூடி, ஏறத்தாழ அதே உடன்பாட்டில் தமக்குள் கையெழுத்திட்டன. எட்டுப் பேர் சேர்ந்து முடிக்க இயலாததை நால்வர் முடித்தார்கள். பிறகு அந்த நால்வரிலும் சிக்கல் வந்தது. பூட்டானின் மேலவை 2016இல் அதை ஏற்க மறுக்க, மற்ற மூவரும் தங்களளவில் மேலே செல்லலாம் என்று பூட்டான் கூறிவிட்டது. 2024 அக்டோபரில் நேபாளமும் இந்தியாவும் வங்காளதேசமும் ஒரு மின்சார உடன்பாட்டில் கையெழுத்திட, அடுத்த மாதமே நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியாக வங்காளதேசத்துக்குச் சென்றது. இப்படி, ஒரு குறிப்பிட்ட வேலைக்காக, அந்த வேலைக்குத் தேவையான சில நாடுகள் மட்டும் சேர்ந்துகொள்ளும் முறைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். 2009இல் வெனிசுவேலா எழுத்தாளர் மொய்செஸ் நயீம் அந்த ஆங்கிலச் சொல்லைப் பரப்பியபோதும், ஒரு சிக்கலில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கத் தேவையான மிகச் சிறிய நாட்டுத்தொகை என்றுதான் விளக்கினார். ஆகவே எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் இச்சொல்லின் பொருளன்று. ‘இந்த வேலைக்கு இவர்கள் போதும்’ என்ற தெரிவும் அதில் அடங்கியிருக்கிறது.

இனிப் பரிந்துரைகள். நான் முதலில் எழுதியிருந்த ‘சிறுகுழு’வை நானே கைவிட்டுவிட்டேன். எங்கள் குமரி மாவட்டத்தில் குழு என்றால் மகளிர் சுயஉதவிக் குழுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நாடுகள் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு அது பொருந்தவில்லை. ‘குறுந்தரப்பு’ என்ற பரிந்துரையில் ‘குறு’ என்ற அடை தரப்பின் மேல் போய் ஏறிவிடுகிறது. கூட்டுதான் சிறியது, தரப்புகள் சிறியவை அல்ல. 27 கோடிக்கு மேல் மக்கள் வாழும் இந்தோனேசியாவைக் குறுந்தரப்பு என்று எப்படி எழுதுவது?

‘சிற்றணி’யைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் அது எனக்கும் பிடித்திருந்தது. இரண்டு எழுத்து மிச்சமாகிறது, ஓசையும் நன்று. ஆனால் ‘அணி’ என்ற சொல்லுக்கு உலக அரசியலில் ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்துவிட்டோம். அணிசேரா இயக்கம் என்று எழுதி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே அணி என்பது ஒரு வல்லரசின் பக்கம் சாய்வதைக் குறிக்கிறது. நாம் பேசும் முறையின் தனித்தன்மையோ, யார் பக்கமும் நிலையாகச் சாயாமல், மின்சாரத்துக்கு ஒருவரோடும் கடற்காவலுக்கு இன்னொருவரோடும் சேர்வதில் இருக்கிறது. அணிசேராமையின் பிள்ளைக்கு அணி என்றே பெயர் வைப்பது பொருந்தாது.

சிங்கப்பூர் நண்பர் ‘வட்டாரக் கூட்டு’ என்றார்; யாழ்ப்பாணத்து ஐயா ‘பிராந்தியக் கூட்டு’ என்றார். இரண்டும் அவரவர் ஊரில் நன்கு பழகிய சொற்களே. தமிழ்நாட்டில்தான் வட்டாரத்துக்குச் சோதனை: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓட்டுநர் உரிமம் தருகிறது, வட்டார வளர்ச்சி அலுவலர் ஊராட்சி ஒன்றியத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் இச்சொற்களை நான் ஏற்காததற்குக் காரணம் அதுவன்று. நம் சொல் குறிக்கும் முறைக்கும் நிலப்பரப்புக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. 2003இல் இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து அமைத்த இப்சா மூன்று கண்டங்களில் பரவிக் கிடக்கிறது. அது எந்த வட்டாரம்? மறுபுறம், 1967இல் தொடங்கிய, தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் முழுக்க முழுக்க வட்டார அமைப்பு; உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைந்தாலன்றி அங்கே முடிவெடுப்பதில்லை. வட்டாரம் என்பதை இடத்துக்கும், சிலதரப்பு என்பதை முறைக்கும் வைத்துக்கொண்டால், ‘வட்டார அளவிலான சிலதரப்பு ஒத்துழைப்பு’ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறது. கட்டுரையில் அப்படி எழுதவேண்டிய இடங்கள் நான்கைந்து வருகின்றன.

‘முத்தரப்பு என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?’ என்ற கேள்விக்கு வருகிறேன். எண்ணைக் கொண்ட பெயர் விரைவில் பொய்யாகிவிடும். 1964இல் 77 நாடுகளோடு தொடங்கிய, வளரும் நாடுகளின் கூட்டான ஜி-77 இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்டிருந்தும் பழைய எண்ணையே சுமந்துகொண்டிருக்கிறது. வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் பட்ட பாடு இன்னும் வேடிக்கையானது. 1997இல் வங்காளதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கின் முதலெழுத்துகளால் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் மியான்மர் வந்ததும் ஓர் எழுத்தை நடுவே நுழைத்தார்கள். 2004இல் நேபாளமும் பூட்டானும் சேர்ந்தபோது நுழைக்க இடமில்லாமல், எழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மட்டும் மாற்றி எழுதினார்கள். நான்கு என்று வந்தால் தமிழில் வேறொரு தொல்லையும் உண்டு. நால் என்பதோடு தரப்பைப் புணர்த்தினால் ‘நாற்றரப்பு’ என்றாகும். அதை எந்த அமைச்சரும் மேடையில் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

எண் நிலைக்காது என்பதற்குச் சான்று எங்கள் கடலிலேயே இருக்கிறது. 1976 ஜூலையில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் தங்கள் கடல் எல்லைகள் சந்திக்கும் முச்சந்திப் புள்ளி எது என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அப்புள்ளி குமரிமுனைக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கடல்மைல் தொலைவில் இருக்கிறது. அதை முத்தரப்பு உடன்பாடு என்பதே சரி, ஏனெனில் மூன்று எல்லைகள் சந்திக்கும் புள்ளிக்கு நான்காவது தரப்பு வர வழியில்லை. ஆனால் அதே மூன்று நாடுகள் 2011இல் கடல்சார் பாதுகாப்புக்காகத் தொடங்கிய கூட்டில் 2022இல் மொரீஷியஸும் 2024இல் வங்காளதேசமும் சேர்ந்துகொண்டன. முத்தரப்பு என்று எழுதி வைத்தவர்கள் எல்லாரும் திருத்தவேண்டியதாயிற்று. சிலதரப்பு என்று எழுதியிருந்தால் இரண்டு நாடுகள் வந்த பிறகும் அது அப்படியே நின்றிருக்கும்.

இனி எனக்கு உண்மையிலேயே இரவெல்லாம் தொல்லை தந்த மறுப்பு. ‘சில தரப்பினர் எதிர்ப்பு’ என்று நாளிதழ்களில் வருகிறதே, பெயர் சொல்ல விரும்பாத யாரோ சிலர் என்ற பொருளல்லவா அதற்கு, சிலதரப்பு உடன்பாடு என்றால் யாரோ சிலர் மறைவில் செய்துகொண்ட உடன்பாடு என்று ஆகாதா என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விடையும் நாளிதழிலேயே கிடைத்தது. ஒரே பக்கத்தில் மேலே ‘இருதரப்பு உறவை வலுப்படுத்தப் பேச்சு’ என்றும் கீழே ‘கோவில் கொடையில் இரு தரப்பினர் மோதல்’ என்றும் இருந்தன. இந்த இரண்டையும் எந்த வாசகரும் குழப்பிக்கொள்வதில்லை. தனித்து நின்று ‘இனர்’ ஏற்றால் ஆட்கள். சேர்த்தெழுதிப் பெயரடையாக நின்றால் முறை. இரு என்பதற்குச் செல்லும் இந்த வழக்கு சில என்பதற்கும் செல்லும். ஆகவே சேர்த்தே எழுத வேண்டும் என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

பல்துறை என்பதுபோல் ‘சில்தரப்பு’ என்று செறிவாக்கலாம் என்றார் இன்னொருவர். கல்லூரியில் படிக்கும் என் மருமகளிடம் வாசித்துக் காட்டினேன். ஐஸ் வைத்த தரப்பா என்று சிரித்தாள். விட்டுவிட்டேன். தரப்பு என்பதே உருதுவழி வந்த சொல்தானே, ‘பக்கம்’ என்று மாற்றலாமே என்ற பரிந்துரையையும் முயன்று பார்த்தேன். ‘சிலபக்க உடன்பாடு’ என்றதும் எத்தனை பக்கம் என்று கேட்கத் தோன்றுகிறது. இருதரப்பும் பலதரப்பும் வேரூன்றிவிட்ட வரிசையில் நடுவில் ஒன்றை மட்டும் மாற்றி நடுவதில் பயனில்லை.

‘சில’ என்பதில் ஒரு குறை தொனிக்கிறது, எல்லாரையும் சேர்க்கவில்லை என்ற மனக்குறையை அது உணர்த்துகிறது என்று எழுதியிருந்தவருக்கு: அதைத்தான் நான் இச்சொல்லின் வலிமையாகக் கருதுகிறேன். குலசேகரம், திற்பரப்புப் பக்கத்து ரப்பர் விவசாயிகளைக் கேட்டால் இது விளங்கும். ரப்பர் விளைவிக்கும் நாடுகளுக்கு 1970இலிருந்தே ஒரு சங்கம் இருக்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். ஆனால் விலை விழும்போது ஏற்றுமதியைக் குறைப்பது என்று முடிவு செய்வது, 2001இல் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் மட்டும் சேர்ந்து அமைத்துக்கொண்ட முத்தரப்பு மன்றம். 2017 டிசம்பர் முதல் 2018 மார்ச் வரை மூன்றரை இலட்சம் டன் ஏற்றுமதியைக் குறைப்பதாக அவர்கள் அறிவித்தபோது, இங்கே விடிவதற்குமுன் பால் வெட்டப் போகிறவர்களும் ஷீட் அடித்து உலர்த்துகிறவர்களும் அந்த மேசையில் இல்லை. விலை ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கூடி முடிவெடுக்கையில் வேலை விரைவாக நடக்கிறது. வெளியே நிற்பவர்கள் யார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. ‘பலதரப்பு’ என்ற சொல் அக்கேள்வியை எழுப்பாது, ‘சிற்றணி’யும் எழுப்பாது. ‘சில’ எழுப்புகிறது.

தூத்தூரில் ஆழ்கடல் விசைப்படகில் பங்கு வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் இந்தப் பொருளை விளக்கி, சொல்லையும் சொன்னேன். “ஊரு கூடித் தீர்மானிக்கணும்னா நாளாவும், நாலு பங்குக்காரன் சேர்ந்தா போட்டு இறங்கிரும், அதுதானே?” என்றார். பிறகு சற்று யோசித்து, “ஆனா கரையில நிக்கவனுக்கு மீனு கெடைக்குமான்னு அந்த நாலு பேருதான் சொல்லணும்” என்றார். கட்டுரையாசிரியர் மூன்று பக்கத்தில் சொன்னதும் இதுதான்.

முறையைக் கோட்பாடாகக் குறிக்கும் இடங்களில் ‘சிலதரப்பியம்’ என்று எழுதியிருக்கிறேன். இதில் எனக்கு முழு நிறைவு இல்லை. ‘இயம்’ சேர்த்தாலே ஒரு கட்சியின் கொள்கை போலத் தொனிக்கிறது. இந்நாடுகள் எவையும் இதைக் கொள்கையாக அறிவிக்கவில்லை, வழி அடைத்தபோது வேறு வழியில் நடந்தன, அவ்வளவே. ‘சிலதரப்பு முறை’ என்று வைத்துக்கொண்டால் பொருள் குறையுமா என்பதை மட்டும் சொல்லுங்கள். வாக்கியம் இது: “பலதரப்பு அமைப்புகள் தேங்கியபோது தெற்காசிய நாடுகள் சிலதரப்பு முறைக்கு நகர்ந்தன, ஆனால் அமைப்புகளைவிட்டு வெளியேறவில்லை.” வரும் வெள்ளிக்கிழமை படியை அனுப்பவேண்டும், வியாழன் மாலைக்குள் மறுமொழி கிடைத்தால் சேர்த்துக்கொள்வேன்.